இருபத்தாறாவது பலகை

மட்டக்குளி பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி
மீன்வாடிகளுக்குப் பின்னால் நடந்தோம்,
நானும், களஞ்சியப் பிரிவு நிஸ்தாரும்.
அவர் கையில் கறுப்புப் பெயின்ற் அரை டின்,
காலில் கந்தோர்ச் சப்பாத்து.
"சேறு இருக்கும் எண்டு சொல்லியிருக்கலாம் மெடம்."
சொல்லியிருந்தேன். மூன்று தரம்.

பாதை என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்கு.
கண்டல் வேர்களுக்கு நடுவே யாரோ போட்ட மரப்பலகை,
அதன்பின் ஒரு ஃபிரிஜ் கதவு,
அதன்பின் டயர்,
அதன்பின் ஒன்றுமில்லை.

இந்தப் பக்கக் கடல் பெரிதாக ஏறி இறங்குவதில்லை.
ஒரு முழம். போயாவுக்கு ஒன்றரை.
ஆனால் சதுப்புக்கு ஒரு முழம் தாராளம்:
காலையில் வழி கிடந்த இடத்தில்
மத்தியானம் வானம் கிடக்கும்.
நண்டு வளைகள் எங்கள் காலடிக்கு முன்பே
வெறுமையாகிவிடுகின்றன,
பணிப்பாளர் வருகிறார் என்றதும்
கந்தோர்த் திரைகள் மாறுவதுபோல.
ஒரு கபரகொய்யா மட்டும் அசையாமல்
எங்களைப் போகவிட்டது.

பதினொரு வருடத்துக்கு முன்
ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி,
இருபத்தாறு பலகைகளுக்கு நான் தமிழ் எழுதினேன்.
இருபத்தைந்து சரி.

போன கிழமை யாரோ எடுத்த படம்
கைபேசி கைபேசியாகச் சிரித்துச் சுற்றி
கடைசியில் என்னிடம் வந்தது.
சிங்களத்தில், இறங்க வேண்டாம்.
இங்கிலீசில், இறங்க வேண்டாம்.
தமிழில் மட்டும்
இங்கு கடலில் இறங்க வேண்டும்.

டாவுக்குப் பதில் டு.
அவ்வளவுதான், அவ்வளவும்தான்.
அன்றிரவு வருடங்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
யாரும் வாசித்திருப்பார்களா.
வாசித்தவர் சொன்னதைக் கேட்கிறவராக இருந்திருப்பாரா.
மூழ்கியவர்களின் பதிவேட்டில்
வயது உண்டு, விலாசம் உண்டு,
எந்த மொழியில் வாசித்தார் என்பதற்குக் கட்டமில்லை.

"ஆர் மெடம் பலகை எல்லாம் வாசிக்கிறது?"
நிஸ்தார் ஆறுதலாகத்தான் சொன்னார்.
அந்த ஆறுதல் இருபத்தாறு பலகையிலும் பட்டது.

கண்டல் சட்டென்று முடிந்தது.
கூரையில்லாத உடுப்பு மாற்றும் அறை.
ஐஸ்கிறீம் கூண்டின் யன்னலில்
சொக்லேட் கோன் இன்னும் நாற்பது ரூபாய்.
மணலைக் கிளறினால்
மணலைவிடப் பெரிய வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகள்.
தெற்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.
ஒரு நாயின் அடிச்சுவடு, போனது மட்டும்.

பலகையைக் கரையில்தான் நட்டிருந்தார்கள்.
கரை போய்விட்டது. பலகை போகவில்லை.
தண்ணீருக்குள், பதினைந்து பதினாறு அடி தள்ளி,
எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நிஸ்தார் ஒற்றைச் சப்பாத்தோடு வந்து சேர்ந்தார்.
மற்றதைச் சேறு வைத்துக்கொண்டது.
"உதைத் திருத்துறதெண்டால்..." என்று தொடங்கி
பலகையை ஒருமுறை வாசித்துவிட்டு
பேசாமல் டின்னை நீட்டினார்.

சாரியை இடுப்பில் சொருகினேன்.
தூரிகையைப் பல்லில் கடித்தேன்.
முழங்கால்வரை கடல் வெதுவெதுப்பு,
அதற்குமேல் வேறு யாரோ.
கிட்டப் போனபோது என் எழுத்து
நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.
டுவின் வளைவில் மட்டி ஒட்டிக் குடியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன். விடவில்லை.
அதன் மேலேயே பூசினேன்.
உப்பில் பெயின்ற் பிடிக்காது என்று
களஞ்சியத்தில் யாரும் சொல்லவில்லை;
கறுப்பு வழிந்து
பக்கத்து எழுத்தையும் இழுத்துக்கொண்டு
கடலுக்குள் இறங்கியது.

கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன்.
சிங்களம் தெளிவு. இங்கிலீஸ் தெளிவு.
தமிழில், இங்கு கடலில் இறங்க,
பிறகு ஒரு கறுப்புக் கட்டி.

"இப்ப என்ன மெடம் எழுதியிருக்கு?"
"இன்னும் முடியேல்லை" என்றேன்.

திரும்பும்போது தண்ணீர் நாலு விரல் கூடியிருந்தது.
டயரைக் காணவில்லை.
ஃபிரிஜ் கதவு மெதுவாக மிதந்து
கண்டலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.
நிஸ்தார் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.
பிறகு குனிந்து
மிச்சமிருந்த சப்பாத்தையும் கழற்றினார்.